நிலமும் பொழுதும்: தம்புள்ளைக் குன்றங்களும் நிழற்படக் கலையும்

பழந்தமிழ்ப் புலவர் நிலத்தைப் பாடியபோது நிலத்தை மாத்திரம் தனியே பிரித்துப் பாடினாரல்லர். தொல்காப்பியம் முதற்பொருளை வகுக்குமிடத்து நிலத்தோடு பொழுதையும் இணைத்தே கூறுகின்றது. அதன்பின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலிய கருப்பொருள்களை நிரல்படுத்துகின்றது. பொழுதில்லாத நிலமும், அந்நிலத்து மாந்தரின் தொழிலில்லாத காட்சியும் அம்மரபிற் பொருளாகக் கருதப்பட்டில. செய்யுளுக்கு வகுத்த இவ்விலக்கணம் நிழற்படக் கலைக்கும் பொருந்துமோ என்பது ஆராய்தற்குரியது. நாடுதோறுஞ் சென்று மலைகளையும் காடுகளையும் படம்பிடிப்போர் பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்வாராய்ச்சி வேண்டப்படுவதுமாகும். அதற்கு ஏற்ற களமாக மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளை அமைகின்றது.

கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கே செல்லும் பெருந்தெரு மலைநாட்டை விட்டுச் சமவெளியில் இறங்குமிடத்தில், ஏறத்தாழ 160 மீற்றர் உயரத்தில் தம்புள்ளைக் குன்று எழுந்து நிற்கின்றது. அதன் வடகிழக்கே சிகிரியாவும், அதற்கு வடபால் பிதுரங்கலையும் காட்டின் நடுவே தனித்து நிற்கின்றன. இக்குன்றங்களைக் காண வரும் பயணிகளிற் பெரும்பாலோர் கமராவுடனேயே வருகின்றனர். அவர்கள் கொண்டு செல்லும் படங்களில் மிகுதியும் காணப்படுவது ஒரே காட்சியாகும்: பனிமூட்டம், பசுங்காடு, அதன் நடுவே ஒரு பெரும்பாறை. மனித வாடையே படாத வனாந்தரம் என்ற எண்ணத்தை அப்படம் தோற்றுவிக்கின்றது.

அவ்வெண்ணத்தோடு பிறிதொரு கதையும் சேர்ந்து வழங்குகின்றது. சிகிரியா பண்டைய எரிமலையொன்றின் உள்ளே இறுகிப்போன குழம்பு என்றும், புறத்தோடு தேய்ந்தழிய உட்கரு மாத்திரம் எஞ்சியது என்றும் வழிகாட்டி நூல்கள் பலவற்றிற் காணலாம். நிலவியல் இதனை ஆதரிக்கவில்லை. இப்பாறைகள் இலங்கையின் நடுப்பகுதியிற் பரந்துள்ள மிகப் பழைய உருமாறிய பாறைத்தொகுதியைச் சேர்ந்தவை. புவியோட்டின் ஆழத்தில் வெம்மையாலும் அழுத்தத்தாலும் அவை உருமாறி முடிந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னராகும். மென்மையான பகுதிகளை மழையும் வெயிலும் கரைத்துச் செல்ல, தேய்வுக்கு ஈடுகொடுத்து நின்ற வன்பகுதியே குன்றாக எஞ்சியது. இலங்கையின் நிலவியலை முறையாக ஆய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை கனிப்பொருளாய்வின் பணிப்பாளராக இருந்து, இந்நாட்டுப் பாறைகளைக் கையிலெடுத்துப் பார்த்தவர் அவர். பாறையின் உண்மையை அறிந்தவரே பின்னர்க் கலையின் உண்மையை ஆராயப் புகுந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1908இல் அவர் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்குத் துணைவியார் எதெல் எடுத்த நிழற்படங்கள் பெருந்துணையாயின. அந்நூலிற் கைவினைப்பொருளோடு அதனைச் செய்யும் கைவினைஞரின் வாழ்வும் ஒருங்கே பேசப்படுகின்றது.

எரிமலையென்ற தவறான பெயர் இக்குன்றத்துக்கு ஏன் இத்துணை விரைவில் ஒட்டிக்கொண்டது என்பது சிந்தித்தற்குரியது. எரிமலையைப் படம்பிடிப்போர்க்குக் காலம் கண்முன்னே ஓடுகின்றது. ஆங்கிலேயக் கண் மருத்துவரான டெம்பெஸ்ட் அண்டர்சன் 1902இல் மேற்கிந்தியத் தீவுகளின் எரிமலைக் கொடுமையை ஆராய அனுப்பப்பெற்றார். பல நாடுகளில் தாம் எடுத்த எரிமலைப் படங்களை அடுத்த ஆண்டிலேயே நூலாக்கினார். பிரான்சு நாட்டுக் கிராப்ட் தம்பதியர் வாழ்நாள் முழுதும் எரிமலைகளைப் படம்பிடித்து, 1991இல் ஜப்பானின் உன்சென் மலையில் அதன் சீற்றத்துக்கே இரையாயினர். அப்படங்களில் அழகும் உண்டு; நேற்றிருந்த மலைமுகடு இன்றில்லை என்று காட்டும் சான்றும் உண்டு. ஆங்கே நிலமும் பொழுதும் தாமாகவே ஒன்றுபடுகின்றன. தம்புள்ளைக் குன்றமோ அசையாது நிற்பது. அதன் காலம் மறைந்து கிடக்கின்றது. மறைந்த காலத்தைத் தேடிக் காணமாட்டாதவர் அதற்கு எரிமலையின் நாடகத்தைக் கடனாக வாங்கிச் சூட்டுகின்றனர்.

இக்குன்றங்களுக்கு முதன்முதற் கமராவைக் கொண்டு வந்தோருள் ஜோசப் லோட்டன் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். ஆளுநர் ஹேர்க்கியூலிஸ் ரொபின்சன் காலத்தில், தொல்பொருட் சின்னங்களைப் பதிவு செய்யும் பணி கண்டியில் நிழற்படக்கூடம் நடத்திய இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களை அவர் படமெடுத்தார். அக்காலத்து முறை மிகக் கடினமானது. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, அருகிலே அடித்த இருட்கூடாரத்தினுள் உடனே கழுவுதல் வேண்டும். வறண்ட வலயத்து வெயிலில் அத்தகடு உலர்வதற்குச் சில நிமிடங்களே போதும். ஆதலின், ஒரு காட்சிக்கு ஒரு படம் எடுப்பதும் ஒரு சிறு போராட்டமாகவே இருந்தது.

அத்தகடு நீலவொளிக்கே மிகுதியும் வசப்படுவது. ஆகவே அக்காலப் படங்களில் வானம் வெறும் வெண்மையாகவும், இலைகள் இருண்ட திரளாகவும் விழுகின்றன. காற்றிலசைந்த கிளைகள் நிழல்போற் கலங்குகின்றன. வானத்தின் வனப்பைக் காட்டி மயக்கும் வாய்ப்பு லோட்டனுக்கு இருக்கவில்லை. கல்லின் உருவத்தையும், அதன்மீது பட்ட உளியின் சுவட்டையும், அதனைப் பற்றிப் படர்ந்த வேரையுமே அவர் நம்பவேண்டியிருந்தது. படங்கள் சிலவற்றிற் கற்றூணருகே ஒருவர் நிற்பதையோ அமர்ந்திருப்பதையோ காணலாம். கல்லின் உயரத்தை உணர்த்தவே அவர் அங்கு வைக்கப்பட்டார். ஆயினும் இன்று பார்ப்போர்க்கு அவரே படத்தின் பொழுதாகின்றார். குடியேற்ற ஆட்சியின் ஏவலால் எடுக்கப்பட்டமையின் அவர் பெயர் பதிவுறவில்லை, அது குறையே. ஆனால் அவர் உருவம் துடைக்கப்படவில்லை.

லோட்டன் காட்டிய சிகிரியாவிலும் காடுதான் உண்டென்று ஒருவர் மறுத்துக் கூறலாம். உண்மையே. தொல்பொருட் டிணைக்களம் தோன்றியது 1890இல், சிகிரியாவில் எச். சி. பி. பெல் அகழத் தொடங்கியது அதற்கும் பின்னர். காசியப்பன் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த நீர்ப்பூங்காக்கள் அன்று மண்ணுக்கும் மரத்துக்கும் அடியிற் கிடந்தன. லோட்டன் காணாதது காணவியலாதது. இன்றையோர் காட்டாதது காட்ட விரும்பாதது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் நீதியாகாது.

அடுத்து நோக்கத்தக்கவர் லயனல் வென்ட். 1900இல் கொழும்பிற் பிறந்து 1944இல் மறைந்த இவர் சட்டமும் பியானோ இசையும் பயின்றவர். 43ஆம் ஆண்டுக் குழுவென்னும் ஓவியர் கூட்டத்துக்குத் தூணாக நின்றவர். அவர் மறைவுக்குப் பின், 1950இல், அவருடைய இலங்கைப் படங்கள் இலண்டனில் நூலாக வெளிவந்தன. வென்ட் செய்முறை விந்தைகளில் வல்லவர். ஒளியை மிகையாகப் பாய்ச்சி விளிம்புகளைத் தலைகீழாக்குவார். பல படங்களை ஒன்றாக இணைப்பார். அவ்விந்தைகளிற் சில இன்று பழையனவாகத் தோன்றலாம். எனினும், நாட்டுப்புறத்தையும் அங்கு தொழில்புரியும் உடலையும் ஒருங்கே கண்ட அவர் கண் பழையதாகவில்லை.

பசில் ரைட் 1934இல் ஆக்கிய ‘இலங்கைப் பாடல்’ என்னும் திரைப்படத்திற்குக் குரல் கொடுத்தவரும் வென்டேயாவர். 1681இல் வெளியான றொபேட் நொக்சின் நூலுரையை அவர் அதில் வாசிக்கின்றார். அப்படத்தின் இரண்டாம் பகுதிக்குக் ‘கன்னித் தீவு’ என்று பெயர். பெயரைக் கேட்போர் மனிதர் தீண்டாத காட்டை எதிர்பார்ப்பர். திரையில் வருவனவோ மீன்பிடிப்போர், மட்பாண்டம் வனைவோர், கதிரறுப்போர், ஆடல் பயிலும் சிறுவர். தேயிலை விளம்பரத்தின்பொருட்டுத் தோன்றிய படமாயினும், தலைப்புச் சொல்லும் பொய்யைக் காட்சி திருத்திவிடுகின்றது. நிலத்தைக் காட்டுதல் என்பது கருப்பொருளைக் காட்டுதலே என்பதை அப்படம் தன்னையறியாமலே மெய்ப்பிக்கின்றது.

இவற்றோடு இன்றைய படங்களை ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். கருவி பன்மடங்கு சிறந்துவிட்டது. வானிற் பறந்து படமெடுக்கும் கமராவும் வந்துவிட்டது. பார்வை மட்டும் குறுகிவிட்டது. விடியற்காலையிற் பிதுரங்கலையில் ஏறிச் சிகிரியாவைப் படமெடுத்தல் இன்று ஒரு சடங்காகிவிட்டது. அங்கு ஏறுவோர் இருளில் ஒரு பழைய விகாரையையும், பாறையடியிற் செங்கல்லாற் கட்டிய பள்ளிகொண்ட புத்தர் சிலையையும் கடந்தே செல்கின்றனர். உச்சியிலெடுக்கும் படத்தில் அவற்றின் சுவடு இல்லை. சிகிரியாவின் மேற்கிலுள்ள பூங்காக்களும் அக்கோணத்திற் பெரும்பாலும் மரங்களுள் மறைகின்றன. எஞ்சுவது பாறையும் பனியுமே.

கண்டலமைக் குளக்கரையிலும் இதுவே நிகழ்கின்றது. ஜெப்ரி பாவா வரைந்த பெரிய விடுதி 1994இல் அங்கே திறக்கப்பட்டது. செடிகொடிகள் மூடிக்கொள்ளுமாறு மலைச்சரிவோடு சரிவாக அதனை அமைத்தமை கட்டடக் கலையின் வெற்றி என்று போற்றப்படுகின்றது. அப்போற்றுதல் தகுவதே. ஆயினும் அது கட்டப்படுமுன் அப்பகுதி மக்களிடையே எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. குளமும் காடும் தங்கள் வாழ்வின் பகுதி என்பதே அவர்கள் கருத்தின் சாரம். விடுதியின் மேற்றளத்திலிருந்து எடுக்கும் படங்களில் கண்டலமை இயற்கை ஏரியாகவே தோன்றுகின்றது. அது மனிதர் அணைகட்டித் தேக்கிய குளம். கீழேயுள்ள வயல்களுக்கு நீர் ஊட்டுவது. அணையையும் மதகையும் விலக்கிவிட்ட படம் ஏரியைக் காட்டுகின்றது, குளத்தைக் காட்டவில்லை.

தெரிந்தெடுத்தலே கலையன்றோ, சட்டத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க முடியுமோ என்று வினவுவாருளர். வினா தக்கதே. சங்கப் புலவரும் யாவற்றையும் பாடினாரல்லர். ஆயினும் அவர் ஒன்றைச் சொல்லிச் சொல்லாத பலவற்றை உணர்த்தினர். இன்றைய வனாந்தரப் படமோ சொல்லாதவை இல்லையென்றே எண்ணுமாறு செய்கின்றது. விடுதல் வேறு, மறைத்தல் வேறு. இது கலையின் குறையோடு நிற்பதுமன்று. ஒரு நிலம் ஆளில்லாத காடென்று பன்முறை காட்டப்படின், அதில் உழுவோர்க்கும் குளங்காப்போர்க்கும் உரிமையுண்டென்ற நினைவு பார்ப்போர் மனத்தில் மெல்லத் தேய்ந்துபோகும். பின்னர் அந்நிலத்தைப் பற்றி முடிவு செய்யும்போது அவர்களைக் கேட்கவேண்டுமென்ற எண்ணமும் எழாது.

தம்புள்ளைக் குகைகளின் நெற்றியிலே ஓர் அடையாளம் உண்டு. பாறையில் வழியும் மழைநீர் உள்ளே இறங்காது புறத்தே சொட்டும்படி, குகைவாயிலுக்கு மேலே வெட்டப்பட்ட நீர்வடி விளிம்பு அது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிற் சமண முனிவர் வதிந்த குகைகளிலும் இதே விளிம்பைக் காணலாம். தொலைவிலிருந்து நோக்கின் பாறையில் ஒரு கோடு. அணுகி நோக்கின் ஈராயிரம் ஆண்டு வரலாற்றின் தொடக்கம். அக்கோட்டின் கீழேதான் ஐந்து குகைகளும், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சிலைகளும், கல்லின் மேடுபள்ளத்தைப் பின்பற்றித் துணிவிரித்தாற்போலத் தீட்டிய மேற்கூரை ஓவியங்களும் அமைந்தன. புத்தர் உருவங்களோடு திருமாலின் உருவமும் அங்குண்டு. குகைகளின் முன்னே நீளும் வெண்மண்டபம் 1938இற் கட்டப்பட்டது. குன்றத்துக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவையிலோ புத்தசமயம் இந்நாட்டுக்கு வருமுன்பே மக்கள் தம் முன்னோரைக் கற்பேழைகளில் அடக்கஞ்செய்த ஈமக்காடு கிடைத்துள்ளது. தமிழகத்துப் பெருங்கற்காலப் புதைகுழிகளை அறிந்தார்க்கு அக்காட்சி புதிதன்று.

குன்றத்தைப் படமெடுக்க வருவோர் அக்கோட்டைக் காண்கின்றனரா என்பதே அவர் கலைக்கு உரைகல்லாகும். காலையொளி அவ்விளிம்பின்மேற் சாய்ந்து விழும்போது மெல்லிய நிழலொன்று பாறையிற் படிகின்றது. அந்நிழலிற் கல்லின் கோடிக்கணக்கான ஆண்டுகளும், உளியின் ஈராயிரம் ஆண்டுகளும், அக்காலைப்பொழுதின் ஒரு கணமும் ஒருங்கே நிற்கின்றன. எரிமலையின் சீற்றத்தைக் கடன்வாங்க வேண்டிய தேவை அங்கே இல்லை.

சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில், பழங்காலத்துப் பயணிகள் தாம் கண்டதைப் பற்றிச் செய்யுள் எழுதிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைப் பரணவிதான படித்து 1956இல் வெளியிட்டார். அப்பயணிகளிடம் கமரா இல்லை. அவர்கள் பாறையின் பிரமாண்டத்தோடு நின்றுவிடவில்லை. அதில் தீட்டப்பட்ட மகளிரையும், தீட்டிய மனத்தையும், பார்க்க வந்த தம்மையும் பாடினர். பலர் தம் பெயரையும் ஊரையும் குறித்துவைத்தனர். காட்சியில் மாந்தர்க்கு இடமுண்டென்பதை அவர்கள் மறக்கவில்லை. அதனை மறவாத கமராவே நிலத்தைக் காட்டவல்லதாகும்.