எண்ணெய் போட்டதும் மக்கர் பண்ணும் காடி

டாங்கி நிரம்ப எண்ணெய் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பும்போது மட்டும் காடி முக்கி முனகுகிறதா? ஜாலான் பர்மா சிக்னலில் நிற்கையில் ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறதா? பிளக்கையும் பெட்ரோல் பம்பையும் மாற்றச் சொல்வதற்கு முன் பர்ஜ் வால்வைப் பாருங்கள். என் காடியில் குற்றவாளி அதுதான்.

டாங்கியில் கிளம்பும் பெட்ரோல் ஆவியைக் கரி டப்பா ஒன்று பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது கணினி இந்த வால்வை விட்டுவிட்டுத் திறக்க, ஆவி உள்ளே போய் எரிந்துவிடும். காற்று கெடாதிருக்க 1970இல் கலிபோர்னியா கட்டாயமாக்கிய ஏற்பாடு இது. வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால், எண்ணெய் போட்ட கையோடு டாங்கியில் நிறைந்திருக்கும் ஆவி எஞ்சினுக்குள் பாயும். கலவை கெட்டுத் திணறும்.

ஸ்கேனர் காட்டிய எண் பி0441. ஆவி ஓட்டம் சரியில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. குழாய் வெடிப்பாகவும் இருக்கலாம். அதனால் எஞ்சின் ஆறியபின் வால்வைக் கழற்றி, ஒரு முனையில் ரப்பர் குழாய் மாட்டி ஊதினேன். மின்சாரம் இல்லாதபோது காற்று போகவே கூடாது. தாராளமாகப் போனது. வெள்ளைத் துணியில் தட்டினால் மிளகுப்பொடி போலக் கரித்துகள் உதிர்ந்தது.

புது வால்வு வாங்கப் போன கடையில் தவுக்கே கேட்டார், “ஓரியா, ஓ.இ.எம்.மா?” இரண்டையும் அங்கேயே ஊதிப் பார்த்தேன். விலை குறைந்த ஓ.இ.எம்.மில் மெல்லக் கசிந்தது. ஓரியே வாங்கினேன்.

மாட்டுவது பெரிய வித்தையில்லை: ஒரு 10 மி.மீ. போல்ட், இரண்டு குழாய், ஒரு மின் இணைப்பு. நம் ஊர் வெயிலில் வெந்து இறுகிய ரப்பர்தான் படுத்தும். இழுக்காதீர்கள், முறுக்கிக் கழற்றுங்கள். இழுத்தால் பிளாஸ்டிக் மூக்கு கையோடு வந்துவிடும். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம்.

இப்போது எண்ணெய் போட்டதும் ஒரே திருப்பில் கிளம்புகிறது, சிக்னலில் நடுக்கமும் இல்லை. ஆனாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. கரித்துகள் வந்தால் டப்பா உள்ளே உடைகிறது என்று பொருள். குழாயை ஊதிச் சுத்தம் செய்த பிறகும் துகள் வந்தால் டப்பாவையும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் புது வால்வும் சிக்கிக்கொள்ளும்.

கரி டப்பாவைக் கெடுப்பது பெரும்பாலும் நாமேதான். வெள்ளிக் கணக்கை முழுசாக்க மேலும் மேலும் அமுக்கினால் பெட்ரோல் நேராக டப்பாவில் இறங்கிக் கரியை ஊறவைக்கும். பம்ப் ‘டக்’கென்று நின்றதும் கையை எடுத்துவிடுங்கள்.