‘மிதிவண்டித் திருடர்கள்’: ஒரு தந்தையின் மெய்ப்பாடு

இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ தெ சிக்கா 1948-ஆம் ஆண்டில் அளித்த ‘மிதிவண்டித் திருடர்கள்’ என்னும் திரைப்படத்தைப் பாராட்டாத திறனாய்வாளர் அரியர். எனினும் அப்பாராட்டில் ஒரு குறை உண்டு. இயக்குநரையும், திரைக்கதை வகுத்தோருள் தலையாய சேசரே சவாத்தினியையும் போற்றுவோர், தந்தையாக வரும் லம்பெர்த்தோ மாஜ்ஜொரானியைப் பற்றிக் கூறுமிடத்து, அவர் நடிகர் அல்லர், ஆலைத் தொழிலாளி, ஆதலின் தம் இயல்பிலேயே நின்றார் என்ற அளவில் அமைந்துவிடுகின்றனர். இக்கூற்றுப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

கதை மிகச் சிறிது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய உரோம் நகரில், நெடுநாள் வேலையின்றி வாடிய அந்தோனியோ ரிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் பணி கிடைக்கின்றது. அதற்கு மிதிவண்டி வேண்டும். வண்டியோ அடகில் இருக்கின்றது. மனைவி மரியா படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதனை மீட்க வழிசெய்கின்றாள். பணியேற்ற முதல் நாளே வண்டி களவு போகின்றது. மறுநாள் ஞாயிறு. தந்தையும் சிறுவன் புரூனோவும் நகரெங்கும் தேடி அலைகின்றனர். அவ்வளவே.

மாஜ்ஜொரானி பிரெடா ஆலையில் பணிபுரிந்தவர். சிறுவன் பாத்திரத்திற்குத் தம் மகனைக் காட்ட வந்த இடத்தில் இயக்குநரின் கண்ணிற்பட்டார் என்பர். அமெரிக்கப் படமுதலாளி ஒருவர் புகழ்மிக்க கேரி கிராண்டை நடிக்கவைக்கின் பொருளுதவி செய்வதாகக் கூறியும் தெ சிக்கா இசையவில்லை. இவற்றைக் கொண்டு ‘இயல்பில் நின்றார்’ என்பார் ஒன்றை மறந்தனர். படம் எடுத்த காலத்தில் மாஜ்ஜொரானி வேலையில் இருந்தவர், வேலையற்றவன் அந்தோனியோவே. தமக்கு அன்று இல்லாத நிலையைத் தம்மேல் ஏற்றிக் காட்டுதல் நடிப்பன்றி வேறு யாது?

அறை விழும் காட்சியை நோக்குக. திருடனை அறிந்த முதியவர் தேவாலயத்தில் நழுவிவிடுகின்றார். புரூனோ குறைகூற, தந்தை அவன் கன்னத்தில் அறைந்துவிடுகின்றார். தேர்ந்த நடிகராயின் இவ்விடத்துக் கழிவிரக்கத்தை முகத்தில் தேக்கிக் காட்டியிருப்பர். மாஜ்ஜொரானியோ அறைந்த கையை என் செய்வது என்று அறியாதார் போல நிற்கின்றார். சற்றுப் பின்னர் ஆற்றில் ஒரு பையன் மூழ்குகின்றான் என்ற கூக்குரல் எழ, ஓடுகின்றார். கரையேற்றப்பட்டவன் வேறொருவன் எனக் காண்கின்றார். அவ்வோட்டத்தில் அந்நெடிய உடல் நிலைகுலையும் முறை, சொல் வேண்டாது பொருள் விளக்குகின்றது. உடன் நிகழும் உணவு விடுதிக் காட்சியில், வேலை நிலைத்திருந்தால் வந்திருக்கக்கூடிய ஊதியத்தைத் தந்தையும் மகனும் கணக்கிடும்போது அவர் முகத்தில் மலர்ச்சி தோன்றி அக்கணமே மாய்வதும் காணலாம். (அலெஸ்ஸாந்திரோ சிகொஞ்ஞீனியின் இசை சிற்சில இடங்களில் நம்மை வலிந்து அழவைக்க முயல்கின்றது, அவ்விசை இன்றியும் இந்நடிப்பு நிற்கும்.)

வறுமையையும் இழப்பையும் போன்றே, பிறரால் இகழப்படுதலையும் அழுகைக்கு நிலைக்களனாக வைத்தார் தொல்காப்பியர். இப்பாகுபாடு படத்தின் இறுதியை விளக்கப் பெரிதும் துணைசெய்கின்றது. விளையாட்டரங்கின் வெளியே மிதிவண்டிகள் நிரல்நிரலாக நிற்கின்றன. அந்தோனியோ நடைபாதை ஓரத்தில் அமர்கின்றான், எழுகின்றான், மீண்டும் அமர்கின்றான். மகனை டிராம் வண்டியில் போகச் சொல்லிவிட்டுத் தனியே நின்ற ஒரு வண்டியைக் கவர்ந்து, பிடிபடுகின்றான். வண்டியை ஏறத் தவறிய புரூனோ, கூட்டத்தார் தந்தையை அடிப்பதைக் காண்கின்றான். கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தூசு தட்டுகின்றான். சிறுவனைக் கண்ட உரிமையாளர் வழக்கின்றி விட்டுவிடுகின்றார். வறுமையிலும் அழாதவன், இழப்பிலும் அழாதவன், மகன் காண இகழப்பட்டபின்பே அழுகின்றான். அவ்வழுகையையும் மாஜ்ஜொரானி அடக்க முயன்று தோற்பவராகவே நடந்துசெல்கின்றார். புரூனோ அவர் கையைப் பற்றிக்கொள்கின்றான்.

மன்னிப்பு இங்கே தண்டனையினும் கொடியதாகின்றது என்பது எம் கருத்து. சிறை சென்றிருப்பின் அவன் குற்றவாளியாக எண்ணப்பட்டிருப்பான். விடப்பட்டமையால் இரங்கத்தக்கவனாக எஞ்சினான்.

படம் முடிந்ததும் ஆலைக்கே திரும்பவேண்டும் என்பது மாஜ்ஜொரானிக்கு இயக்குநர் விதித்த உறுதி. அவரும் திரும்பினார். சிறிது காலத்தில் ஆலை அவரை வேலையினின்றும் நீக்கியது. அதன்பின் படங்களில் சிறு வேடங்களே அவருக்கு வாய்த்தன. 1983-ஆம் ஆண்டில் உரோம் நகரில் மறைந்தார்.