தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே: பழைய மாளிகையும் பண்பாடும்

தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே (1989) கசுவோ இஷிகுரோ ஆங்கிலத்தில் எழுதிய நாவல். பிரிட்டிஷ் பிரபு ஒருவரின் மாளிகையில் பட்லராக வாழ்நாளைக் கழித்த ஸ்டீவன்ஸின் நினைவுகளாக அமைந்தது. பழைய இங்கிலாந்தின் மாளிகைகள், உபசரிப்பு, அளந்த பேச்சு ஆகியவற்றின் மீதான ஏக்கத்தை, அந்த ஏக்கம் கொண்ட ஒருவரின் குரலிலேயே விசாரணைக்கு உட்படுத்துவது இதன் சிறப்பு.

ஆசிரியர், பரிசுகள்

இஷிகுரோ 1954-ல் ஜப்பானின் நாகசாகியில் பிறந்தார். 1960-ல் பெற்றோருடன் இங்கிலாந்தில் குடியேறினார். இது அவருடைய மூன்றாவது நாவல். 1989-ம் ஆண்டின் புக்கர் பரிசைப் பெற்றது. 2017-ல் இஷிகுரோவுக்கு இலக்கியத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டில் வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் ஏறின, வேலையாட்கள் குறைந்தனர். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான நாட்டுப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. இந்த அழிவைப் பற்றி 1974-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி நடத்தியது. 1981-ல் ஈவ்லின் வாவின் பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட் நாவல் தொலைக்காட்சித் தொடராக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. பிரிட்டன் பொருள்களை உற்பத்தி செய்வதை விட்டுவிட்டுப் பழம்பெருமையை உற்பத்தி செய்கிறது என்று ராபர்ட் ஹெவிசன் 1987-ல் வெளிவந்த நூலில் விமர்சித்தார். இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் இஷிகுரோவின் நாவல் வெளிவந்தது.

கதைச்சுருக்கம்

கதை 1956 ஜூலையில் நடக்கிறது. டார்லிங்டன் பிரபு இறந்துவிட்டார். மாளிகையை ஃபாரடே என்ற அமெரிக்கர் வாங்கியிருக்கிறார். ஒருகாலத்தில் 28 பேர் வேலை செய்த இடத்தில் இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள். முன்பு அங்கே பணிப்பெண்களுக்குத் தலைவியாக இருந்த மிஸ் கென்டனிடமிருந்து கடிதம் வருகிறது. அவரை மீண்டும் வேலைக்கு அழைக்கலாம் என்ற எண்ணத்துடன் ஸ்டீவன்ஸ் முதலாளியின் காரில் மேற்கு நோக்கிப் பயணம் செய்கிறார். வழியெங்கும் பழைய நாட்களை அசைபோடுகிறார்.

ஒரு நல்ல பட்லருக்கு வேண்டியது கண்ணியம் என்பது அவர் கொள்கை. 1923-ல் மாளிகையில் நடந்த சர்வதேசக் கூட்டத்தின்போது மாடியில் அவருடைய தந்தை இறக்கிறார். ஸ்டீவன்ஸ் கீழே விருந்தினருக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறார். அந்த இரவைத் தம் தொழிலின் வெற்றியாகவே அவர் நினைவுகூர்கிறார். மிஸ் கென்டன் தம் மீது கொண்டிருந்த அன்பையும் அவர் உரிய காலத்தில் ஏற்கவில்லை.

பண்பாடு எங்கே தவறுகிறது

மாளிகையின் அழகும் அதன் ஒழுங்கும் பொய் என்று நாவல் சொல்வதில்லை. துலக்கிய வெள்ளிப் பாத்திரத்தில் ஸ்டீவன்ஸ் காணும் நிறைவு உண்மையானது. நேர்த்தியை நேர்மையாக எடுத்துக்கொள்வதே தவறு என்கிறது நாவல்.

டார்லிங்டன் பிரபு கெட்ட எண்ணம் கொண்டவர் அல்ல. முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியை வெர்சாய் உடன்படிக்கை அவமானப்படுத்தியது என்று வருந்துகிறார். விழுந்தவனை மிதிப்பது கனவானுக்கு அழகல்ல என்பது அவர் கருத்து. அந்தப் பெருந்தன்மையே அவரை நாஜிகளின் கைக்கருவியாக்குகிறது. மாளிகைப் பண்பாடு குற்றத்தை மறைக்கும் திரையாக மட்டும் இல்லை. குற்றத்திற்குப் போகும் வழியாகவும் ஆகிறது. நாவலின் கடுமையான கண்டுபிடிப்பு இது.

இதற்கு விலை கொடுப்பவர்கள் இரண்டு யூதப் பணிப்பெண்கள். யூதர்கள் என்பதற்காகவே அவர்களை வேலையிலிருந்து நீக்கச் சொல்கிறார் பிரபு. மிஸ் கென்டன் எதிர்க்கிறார். ஸ்டீவன்ஸ் குரல் உயராமல், முகம் மாறாமல் உத்தரவை நிறைவேற்றுகிறார். பின்னர் பிரபு அது தவறு என்று சொன்ன பிறகே, தமக்கும் அப்போது வருத்தம் இருந்ததாக மிஸ் கென்டனிடம் கூறுகிறார். அதை ஏன் அன்றே காட்டவில்லை என்று அவர் கேட்கும் கேள்விக்கு ஸ்டீவன்ஸிடம் பதில் இல்லை.

அசலும் போலியும்

ஏக்கம் ஒரு சந்தைப் பொருளாவதையும் நாவல் காட்டுகிறது. மாளிகையைப் பார்க்க வரும் அமெரிக்க விருந்தினரிடம் ஸ்டீவன்ஸ், தாம் டார்லிங்டன் பிரபுவிடம் வேலை பார்த்ததில்லை என்று பொய் சொல்கிறார். பிரபுவின் பெயர் அதற்குள் கெட்டுவிட்டது. அதனால் அந்த மாளிகையே அசல்தானா என்று விருந்தினருக்குச் சந்தேகம் வருகிறது. ஃபாரடே குழம்புகிறார். அசலான ஆங்கில மாளிகைக்கும் அசலான ஆங்கில பட்லருக்கும் சேர்த்துத்தான் அவர் பணம் கொடுத்திருக்கிறார். பழமையை விலைக்கு வாங்குபவருக்கு அதன் அலங்காரம் வேண்டும், வரலாறு வேண்டாம்.

ஸ்டீவன்ஸின் தந்தை விரும்பிச் சொன்ன கதை ஒன்றும் கவனத்திற்குரியது. இந்தியாவில் ஒரு பட்லர் சாப்பாட்டு மேசைக்கடியில் புலியைக் காண்கிறார். சத்தமின்றிக் கதவைச் சாத்தி, எஜமானிடம் துப்பாக்கிக்கு அனுமதி பெற்று, புலியைச் சுட்டுவிட்டு, வழக்கமான நேரத்தில் விருந்து தயாராகும் என்று அறிவிக்கிறார். ஆங்கிலேயக் கண்ணியத்தின் இலக்கணம் இங்கே ஒரு காலனி நாட்டில் எழுதப்படுகிறது. நாவல் நடக்கும் அதே ஜூலையில் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது. நாவலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேரரசு மறைந்துகொண்டிருப்பதை ஸ்டீவன்ஸ் கவனிக்கவில்லை.

திரைப்படம்

1993-ல் ஜேம்ஸ் ஐவரி இயக்கத்தில் இஸ்மாயில் மெர்ச்சன்ட் இணைந்து தயாரித்த படம் வெளியானது. அந்தோணி ஹாப்கின்ஸ், எம்மா தாம்ஸன் நடித்தனர். திரைக்கதை எழுதிய ரூத் பிரவர் ஜாப்வாலா, 1939-ல் நாஜி ஜெர்மனியிலிருந்து குடும்பத்துடன் தப்பிய யூதர். நாவலில் ஓரிரு பக்கங்களில் வந்துபோகும் அந்தப் பணிப்பெண்களுக்குப் படத்தில் முகங்கள் கிடைக்கின்றன. அது படத்தின் பலம்.

ஆனால் கேமரா மாளிகையைக் காதலிக்கிறது. நாவல் சந்தேகத்துடன் காட்டும் இடத்தைப் படம் கண்ணுக்கு விருந்தாக்குகிறது. வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்ட டைரம் பார்க், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் பிளாத்வைட் கட்டத் தொடங்கிய மாளிகை. ஆங்கிலேயக் காலனிகளின் வருவாய்க் கணக்கைத் தணிக்கை செய்த அதிகாரி அவர். நேஷனல் டிரஸ்ட் தன் பராமரிப்பில் உள்ள இடங்களுக்கும் காலனியாதிக்கம், அடிமை முறை ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்புகளை 2020-ல் அறிக்கையாக வெளியிட்டபோது டைரம் பார்க்கும் அதில் இடம்பெற்றது. அழகான சுவரின் செலவை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியை நாவல் எழுப்புகிறது. படம் அந்தக் கேள்வியைப் பாதியிலேயே விட்டுவிடுகிறது.

மதிப்பீடு

படம் வானிலிருந்து மாளிகையைக் காட்டி முடிகிறது. நாவல் வேமத் கடற்கரையில், மாலை விளக்குகள் எரியும் நேரத்தில் முடிகிறது. டார்லிங்டன் பிரபுவுக்காவது தம் தவறைத் தாமே தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல முடிந்தது, தமக்கு அதுகூட இல்லை என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கண் கலங்குகிறார் ஸ்டீவன்ஸ். அதன்பின் அவர் எடுக்கும் முடிவு, புதிய முதலாளிக்குப் பிடித்தபடி வேடிக்கையாகப் பேசப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது.