நரம்பின் சுருதியும் கைப்பேசிச் செயலியும்

தேவாரப் பண்ணிசை பயில்வோர் தம்பூராவிற்கும் வீணைக்கும் சுருதி கூட்டுதற்குக் கைப்பேசியிலுள்ள செயலியைத் துணைக்கொள்ளுதல் இற்றை நாளில் வழக்காயிற்று. நரம்பை மீட்டியவுடன் அதன் ஒலியை வாங்கி, நொடிக்கு எத்துணை அதிர்வென்று கணக்கிட்டு, தாழ்வாயின் முள்ளை இடப்பாலும், உயர்வாயின் வலப்பாலும் அச்செயலி காட்டும். முள் நடுவில் நிற்பின் பொருந்திற்று என்பது அதன் தீர்ப்பு. இத்தீர்ப்பை நம் இசை மரபு எவ்வளவிற்கு ஏற்றல் தகும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் அதன் பயனைக் கூறுவாம். காரைக்காலைச் சார்ந்த நெரவி போன்ற கடலோரத்து ஊர்களில் ஈரக்காற்றும் வெயிலும் மாறிமாறி மரத்தையும் தந்தியையும் தாக்குதலின், காலையிற் கூட்டிய சுருதி மாலைவரை நிற்றல் அரிது. வீணையிலோ 24 மெட்டுக்களும் மெழுகிற் பதிந்தவை. வெப்பம் மிகின் மெழுகும் இளகும். ஆசிரியர் அருகில்லாத மாணாக்கர்க்கு ஆதார சுருதி இதுவென்று காட்டுங் கருவி ஒன்று கையிலிருத்தல் பேருதவியே. இதனை மறுப்பார் யாருமிலர்.

இனி, நடுவில் நிற்கும் முள் உணர்த்தும் பொருள் யாது என நோக்குவாம். இச்செயலிகளிற் பெரும்பாலன, நாம் வேறாக அமைத்தாலன்றி, மேனாட்டார் பியானோவிற்கு வகுத்த சமபங்கீட்டையே அளவாகக் கொண்டவை. அப்பங்கீட்டில் ஒரு தானம் 1200 சென்ட் என்னும் நுண்ணளவாய், 12 சுரங்களுக்கும் நூறு நூறாகப் பகுக்கப்படும். அதன்படி பஞ்சமம் 700, அந்தர காந்தாரம் 400. இயற்கைப் பொருத்தத்திலோ பஞ்சமம் 3க்கு 2 என்னும் விகிதத்ததாய் ஏறக்குறைய 702இலும், அந்தர காந்தாரம் 5க்கு 4 என்னும் விகிதத்ததாய் ஏறக்குறைய 386இலும் நிற்கும்.

இரண்டு சென்ட் அற்பமன்றோ எனின், அற்பமே. ஆயினும் தம்பூரா அதனை மறைப்பதில்லை. சட்சமம் நொடிக்கு 140 அதிர்வாயின், கீழ்ப் பஞ்சமம் இயற்கையில் 105 அதிர்வு. செயலியின் கணக்கில் 104.88. இயற்கையளவிற் கூட்டியவழி இருநரம்பின் மேலொலிகளும் 420 அதிர்வில் ஒன்றுபட்டு அமைதியுறும். செயலியின் அளவிற் கூட்டியவழி அவை ஒன்றாது, ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒருமுறை பெருகியும் சுருங்கியும் அலையும். அன்றியும், மந்தர நரம்பினின்று, எவரும் கூட்டாமலே, அந்தர காந்தாரம் தானே எழுவதைச் செவியுடையார் அறிவர். அது 350 அதிர்வில் எழாநிற்கச் செயலியோ 352.8ஐ நாடும். ஒருங்கொலிக்கும் நரம்புகள் தம்முள் இயைந்தனவா என்பதைத் தனி நரம்பு நோக்கும் முள் உரைக்கமாட்டாது. இதுவே அதன் தலையாய குறை.

நம் பழைய இசைநூன் முறையோ உறவு பற்றியது. நின்ற நரம்பிற்கு ஐந்தாவதைக் கிளை என்றும், நான்காவதை நட்பு என்றும் பெயரிட்டனர் முன்னோர். சுற்றமும் நட்பும் ஒருவரைத் தனியே நிறுத்தி எண்ணி அறியப்படுவன அல்ல. இருவர் கூடியவழி விளங்குவன. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் நரம்புகளின் பெயர்களை நிரலே வைத்தருளிய காரைக்காலம்மையார் பிறந்த நாட்டில் இவ்வுண்மையை நினைவூட்டல் மிகையாகாது.

சமபங்கீடு தமிழர்க்குப் புறம்பானதெனக் கூறல் பொருந்தாது என்று சிலர் தடை நிகழ்த்தக்கூடும். அத்தடை மதிக்கத்தக்கதே. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், சமமாகப் பகுத்தலே பண்டைத் தமிழர் முறையென்று நிலைநாட்ட முயன்றார். விபுலாநந்த அடிகளோ 1947இல் வெளிவந்த யாழ்நூலில் இயற்கைப் பொருத்தத்தின் விகிதங்களைக் கொண்டு 22 அலகுகளை நிறுவினார். இருபெரும் புலவரும் பல்லாண்டு ஆராய்ந்து மாறுபட்ட ஒன்றைச் செயலி ஒரு சொல்லும் உரையாது முடிவுசெய்துவிடுகின்றது. அதனைக் கையிற்கொண்ட சிறுவன் அங்ஙனமொரு வழக்கு உண்டென்பதையே அறியான். சில செயலிகளில் அளவை மாற்றியமைக்க இடமுண்டு. ஆயினும், எதனை மாற்றவேண்டும் என்பதை அறியப் பழகிய செவி முன்னரே வேண்டுமன்றோ?

கருவியின் எல்லை இஃதென உலகறியச் செய்த தலம் நெரவிக்கு அணித்தாகவே உள்ளது. காரைக்கால் வட்டாரத்துத் திருத்தருமபுரத்தில், பதிகங்களின் பெருமை திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலிட்டு வாசித்தலால் விளைந்ததெனச் சுற்றத்தார் கூற, அதற்கு உளம் நடுங்கிய பாணர் யாழில் அடங்காத இசை வேண்டினார். ஆளுடைய பிள்ளையார் பாடியருளிய பதிகம் நரம்பில் அடங்கிற்றிலது. பாணர் யாழை முரிக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து அதனைத் தம் கையில் வாங்கி, இயன்ற அளவில் வாசிக்குமாறு பணித்து மீள அளித்தார். இறைவர்க்கும் யாழ்மூரிநாதர் என்னும் திருப்பெயர் வழங்கலாயிற்று. கருவி இசையின் அளவுகோலாகாது என்பதும், அக்காரணம் பற்றி அதனை உடைத்தெறிதலும் வேண்டா என்பதும் இவ்வரலாற்றாற் பெறப்படும்.

ஆகலின், செயலியை முற்றும் விலக்குக என்பது நம் கருத்தன்று. ஓதுவார் தம் குரலுக்கேற்ற கட்டையைத் தெரிந்து, சட்சம நரம்பொன்றை மட்டும் அதனாற் கூட்டுக. பின்னர்க் கைப்பேசியை அப்பால் வைத்து, ஏனைய நரம்புகளை அச்சட்சமத்தோடு ஒருங்கு மீட்டி, அலை அடங்குங்காறும் பிருடையையும் மணியையும் திருத்துக. பயிற்றும் ஆசிரியர் நாடோறும் பாடத்திற்கு முன்னர்ச் சிறிது நேரம் இதற்கென ஒதுக்குவாராயின், மாணாக்கர் சில திங்களில் முள்ளின் துணையின்றியே பொருத்தம் உணர்வர். அங்ஙனமன்றி முள்ளையே நம்பி வளர்வாராயின், பண் நிற்பதற்குரிய செவி அவர்பால் உண்டாதல் அரிது. செவி இழந்தபின் பண்முறை ஏட்டளவில் எஞ்சும். பாடுவார் நாவில் எஞ்சாது.