தாயின் முகமும் மகளின் முகமும்

முத்துக்குளித்துறையில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. ஆகஸ்டுத் திருவிழாவிற்காக வெளியூர்களிலிருந்து தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்திற்கு வந்து சேரும் பிள்ளைகளை, நம் முதியோர் பெயர் கேட்டு அறிவதில்லை. முகம் பார்த்தே அறிந்துகொள்கின்றனர். நெற்றியைக் கண்டு பாட்டியின் பெயரைச் சொல்வர். நடையைக் கண்டு தாய்மாமனின் பெயரைச் சொல்வர். இதனையே நம் மக்கள் ‘சாடை’ என்கின்றனர். பாட்டியின் சாடை கொண்ட பேத்தி பாட்டியாகிவிடுவதில்லை. ஆயினும் அவளிடத்தில் பாட்டி தெரிகிறாள். ஒரே குடும்பத்து மாந்தரைப் பல வயதுகளில் காட்ட வேண்டிய ஓவியரும் இயக்குநரும் எதிர்கொள்ளும் கடினமான பணி, இந்தச் சாடையைப் பிடிப்பதுதான்.

தமிழில் இப்பணி எத்துணை அரியது என்பதற்குக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ சிறந்த சான்றாகும். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த அத்தொடரின் மையத்தில் ஓர் உருவ ஒற்றுமை நிற்கிறது. பழுவூர் இளைய ராணி நந்தினியும், ஊமை ராணி எனப்படும் மந்தாகினியும் மகளும் தாயும் ஆவர். மகள் அரண்மனையில் வாழ்கிறாள். தாயோ ஈழத்துத் தீவுகளிலும் காடுகளிலும் அலைந்து திரிந்தவள். கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் தியாகவிடங்கரின் உடன்பிறந்தவள் அவள். படகோட்டும் பூங்குழலிக்கு அத்தை. ஆகவே இது அரச குடும்பத்தின் கதை மட்டுமன்று. ஒரு கடலோரக் குடும்பத்தின் கதையுமாகும். இதனை நம் கரையோர வாசகர்கள் சிறப்பாகக் கருதிப் பார்க்க வேண்டும்.

அத்தொடருக்கு ஓவியம் தீட்டிய மணியம், குந்தவையையும் நந்தினியையும் வாசகர் மயக்கமின்றி அறியும்பொருட்டு ஓர் எளிய வழியைக் கையாண்டார். குந்தவைக்கு நிமிர்ந்த கொண்டை. நந்தினிக்குச் சாய்ந்த ஆண்டாள் கொண்டை. ஏறத்தாழ ஒத்த வயதுடைய இரு அழகியரைப் பிரித்துக் காட்ட அது போதுமானதே. ஆனால் தாயும் மகளும் என்று வரும்போது, பிரித்துக் காட்டினால் மட்டும் போதாது; இருவரையும் இணைத்தும் காட்ட வேண்டும். இருவரும் ஒரே குருதி என்பதைப் படம் சொல்ல வேண்டும்; இருவரும் வாழ்ந்தது வேறு வேறு வாழ்க்கை என்பதையும் அதே படம் சொல்ல வேண்டும். கொண்டையை மாற்றுவதால் மட்டும் இது கைகூடாது.

கல்கி எழுத்தில் இதனை எவ்வாறு சாதித்தார் என்று நோக்குவோம். ஒரே சாயலைப் பார்ப்பவரின் உள்ளத்திற்கேற்ப அவர் வேறு வேறாகக் காட்டுகிறார். தன்னால் ஒருத்தி கடலில் விழுந்து மாண்டாள் என்ற குற்ற உணர்வோடு நோயுற்றுக் கிடக்கிறார் சுந்தர சோழர். அவர் நினைவில் உறைந்திருப்பது அவளுடைய இளமை முகம். எனவே அம்முகம் எதிரே தோன்றும்போது ஆவியைக் கண்டவர்போல் நடுங்குகிறார். அருள்மொழிவர்மனுக்கோ அதே முகம், தான் சிறுவனாய்க் காவிரியில் விழுந்தபோது காத்தெடுத்த தெய்வத்தின் முகம். தந்தைக்கு அச்சமாகத் தோன்றியது மகனுக்கு அன்னையாகத் தோன்றுகிறது.

உறவைக் காட்டக் கல்கி முகத்தை மட்டுமே நம்பவில்லை என்பதும் கருதத்தக்கது. மந்தாகினியைப் போலவே அவள் தங்கை வாணியும் பேச இயலாதவள். பூங்குழலியிடம் அத்தையின் மௌனம் இல்லை. ஆனால் அலைக்கு அஞ்சாத கையும், மனிதரை விட்டு விலகிக் கடலை நாடும் உள்ளமும் இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் அடையாளம் மூக்கிலும் கண்ணிலும் மட்டுமன்று, பழக்கத்திலும் பணியிலும்கூட இறங்கி வருகிறது என்பதை ஆசிரியர் நன்கு அறிந்திருக்கிறார்.

இப்புதினத்தை மணிரத்னம் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைப்படமாக்கினார். நந்தினியாகவும் மந்தாகினியாகவும் ஐஸ்வர்யா ராய் பச்சனே நடித்தார். சிறுமி நந்தினியாகச் சாரா அர்ஜுன் தோன்றினார். இதில் விந்தையான ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஒரே ஆளுக்கு இரண்டு முகங்கள். இரண்டு ஆட்களுக்கு ஒரே முகம்! முகம் மாறிய சிறுமியை நாம் தயக்கமின்றி நந்தினியாக ஏற்றுக்கொள்கிறோம். காதலும் அவமானமும் அவளை அடுத்த வயதிற்குக் கொண்டு சேர்த்துவிடுகின்றன. முகம் மாறாத தாயிடத்திலோ நமக்குத் தயக்கம் எழுகிறது.

முதல் பாகத்தின் இறுதிக் காட்சியை நினைவுகூர்வோம். மூழ்கும் அருள்மொழியைக் காக்க ஒரு பெண் ஆழ்கடலுக்குள் பாய்கிறாள். அவள் முகம் தெரியும்போது அது நந்தினியின் முகமாக இருக்கிறது. அரங்கம் திடுக்கிடுகிறது. திடுக்கிட வைப்பதே நோக்கமெனில் அது வெற்றியே. ஆனால் முத்துக்குளிப்பைக் கண்டறிந்த கரையினராகிய நாம் வேறொன்றையும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961ஆம் ஆண்டில். கல்லின் கனத்தோடு கீழிறங்கி, மூச்சடக்கி, சிப்பியோடு மேலேறியவர்களின் உடல் எப்படி இருக்கும் என்பதை அறிந்தோர் நம் ஊர்களில் உண்டு. உப்பும் வெயிலும் கண்ணோரத்தைச் சுருக்கும், தோள் அகலும், தோல் கறுத்து இறுகும். ஆண்டுக்கணக்கில் கடலோடு வாழ்ந்த மந்தாகினிக்குத் திரைப்படம் நரையைத் தந்தது, எளிய உடையைத் தந்தது. கடலைப் போதிய அளவு தரவில்லை. அரண்மனைப் பேரழகி வேடம் மாற்றி வந்தாள் என்றே தோன்றுகிறது. மகளின் முகம் தாயின் வாழ்க்கையை மறைத்துவிட்டது.

இதற்கு மறுப்புக் கூறுவோர் மாபெரும் கலைஞர்களைத் துணைக்கு அழைக்கலாம். உரோமை நகரின் புனித பேதுரு பேராலயத்தில் மைக்கேலாஞ்சலோ வடித்த ‘பியத்தா’ சிற்பத்தில், முப்பது வயதைக் கடந்த மகனை மடியில் ஏந்தியுள்ள அன்னை மரியா அம்மகனைக் காட்டிலும் இளையவராகத் தோன்றுகிறார். பாரிசு லூவர் கூடத்திலுள்ள லியொனார்தோவின் ஓவியத்தில் புனித அன்னம்மாளும் அவர் மகள் மரியாவும் ஏறக்குறைய ஒத்த வயதினராகக் காணப்படுகின்றனர். அவை பிழைகள் அல்லவே எனக் கேட்கலாம். உண்மையே. அங்கே கலைஞர் காட்ட முனைந்தது காலத்தால் வாடாத தூய்மையை. தலைமுறைகளை ஒன்றாகப் பிணைக்கும் அருளை. மாசற்ற தூய்மை இளமையைக் காக்கும் என மைக்கேலாஞ்சலோ விளக்கம் தந்ததாக, அவர் காலத்திலேயே அவர் வரலாற்றை எழுதிய கொந்திவி பதிவு செய்துள்ளார். வயதை விலக்கியமைக்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது.

மந்தாகினியிடத்திலும் அத்தகைய காரணம் ஓரிடத்தில் உண்டு. சுந்தர சோழரின் கண் வழியாகக் காணும்போது மாறாத முகமே பொருத்தமானது. அவருடைய குற்ற உணர்விற்கு வயதாகவில்லை. ஆனால் அருள்மொழியின் கண் வழியாகக் காணும்போது அவள் முதிர்ந்த தாயாகவே இருத்தல் வேண்டும். எனவே சாடையை வரையுமுன் கலைஞர் முடிவு செய்ய வேண்டியது, யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதையே. இந்த வேறுபாட்டைக் கல்கியின் சொற்கள் காத்தன. திரை அதனை ஒரே முகத்திற்குள் அடக்கிவிட்டது.

இந்த ஆய்வு நமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. 2009இல் வெளிவந்து 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸின் ‘கொற்கை’, நம் தூத்துக்குடியின் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சொற்களில் நிறுத்தியிருக்கிறது. அவர்களையும் அவர்களைப் போன்றோரையும் நாளை நம் இளைஞர் எவரேனும் படக்கதையாக வரையலாம்; மேடையேற்றலாம்; திரைக்குக் கொண்டு செல்லலாம். பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே முகத்தை எழுதி, ஒருத்திக்கு நரையை மட்டும் பூசினால், அப்பாட்டி கரையில் காத்திருந்த இரவுகளும் கருவாடு சுமந்த தோளும் படத்திலிருந்து அழிந்துபோகும். அந்தக் கலைஞர் ஒரு கோடு வரைவதற்கு முன் நம் வீட்டுப் பழைய திருமணப் புகைப்படங்களைக் கேட்டு வாங்கி, மூன்று தலைமுறை முகங்களை அருகருகே வைத்து, எது நிலைத்தது, எது மாறியது, மாற்றியது எந்தக் காற்று என்று பொறுமையோடு பார்க்க வேண்டும் என்பதே நம் விழைவு.