இரங்கல்-14

பக்கத்து வீட்டுப் பெரியவர் விடியற்காலை மூன்று மணிக்குப் போனார். ஏழு மணிக்கெல்லாம் நான் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடை வாசலில் நின்றேன். ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துப் பல் தேய்த்துக்கொண்டிருந்த பையன், விஷயத்தைக் கேட்டதும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கம்ப்யூட்டரில் ‘இரங்கல்’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே வரிசையாக எண் போட்ட கோப்புகள்.

“வயசானவரா சார்? அப்போ 14 போட்டுடலாம். ரெண்டு பக்கமும் தீபம், பின்னாடி நீலமா மேகம்.”

வாட்ஸப்பில் வந்த படம் கொள்ளுப்பேரனின் பிறந்தநாளில் எடுத்தது. பெரியவர் கையில் ஒரு துண்டு கேக். பையன் கேக்கை வெட்டினான், கையையும் சேர்த்து. கழுத்துக்குக் கீழே யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டை வந்து பொருந்தியது. பிறகு மளமளவென்று கேட்டான்: பேர், தோற்றம், மறைவு, எடுக்கிற நேரம், வீடு எங்கே. கடைசியாக ஒன்று: “கீழே யார் யார் போட்டோ வரணும்?”

அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கவில்லை. கேட்காதது அவன் தப்பில்லை. இரங்கல்-14இல் அதற்கு இடமே கிடையாது.

பாடியிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டிலும், அந்தப் பக்கம் பூந்தமல்லி வரையிலும் ஒரு நாள் சுவர்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனால், இந்தப் பகுதியின் சாவுக் கணக்கு ஓரளவு கைக்கு வந்துவிடும். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியைக் கிண்டல் செய்வது சுலபம். கிண்டல் செய்கிறவர்கள் பெரும்பாலும், தங்கள் வீட்டுச் சாவை ஆங்கில நாளிதழில் கட்டம் கட்டிப் போட வசதி உள்ளவர்கள். நாளிதழில் சதுர சென்டிமீட்டருக்குக் காசு. சுவரொட்டிக்கு மைதா பசையும் ராத்திரி ஒட்டுகிற ஒரு ஆளும் போதும். கொத்தனாரும் இட்லிக்கடை அம்மாவும் தங்கள் பெயரைப் பொது இடத்தில் பெரிய எழுத்தில் பார்க்க வாய்ப்பே இல்லாமல் வாழ்ந்து முடித்து, செத்த அன்று ஒரு நாள் அச்சில் வருகிறார்கள். அதை வீண் பகட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு நன்மையை யாரும் அதிகம் பேசுவதில்லை. கிராமத்தில் இழவு சொல்லப் போவது சாதி ஒரு தரப்பார் தலையில் கட்டிய வேலை. வெயிலோ மழையோ, பத்து ஊர் நடந்து போய், வாசலில் தள்ளி நின்று சொல்லிவிட்டு வரவேண்டும். மறுக்க முடியாது. இங்கே அந்த வேலையை அச்சகம் எடுத்துக்கொண்டது. காசு கொடுத்தால் யாருக்கும் அடிக்கும், யாரும் ஒட்டலாம். இதைக் குறைத்து எடைபோடக் கூடாது.

அம்பத்தூர், ஆவடி மாதிரி ஊர்களுக்கு இது அவசியமாகவும் இருந்தது. 1949இல் டிஐ சைக்கிள் வந்தது, 50களின் கடைசியில் டன்லப், 60களில் தொழிற்பேட்டை. ஆவடியில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பங்காளி கிடையாது, ஷிஃப்ட் தோழர். சாவுச் செய்தி சொந்தம் வழியாகப் போக வழியில்லாத ஊரில் சுவர்தான் சொந்தம். அந்தச் சுவரில் எல்லா வழக்கும் ஒன்றாகத் தொங்கும். ஒருவர் சிவலோக பதவி அடைந்திருப்பார், அடுத்தவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருப்பார், மூன்றாமவர் வபாத்தாகியிருப்பார், கறுப்புச் சட்டைக் குடும்பத்துக்காரர் இயற்கை எய்தியிருப்பார். செத்தவர் எதை நம்பினார் என்பதை ஒரு வினைச்சொல்லில் சொல்லிவிடுகிற மொழி நம்முடையது. ஆனால் அந்த ஒரு சொல்லைத் தாண்டினால் சுவரொட்டிக்கு அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

குறை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பேனரைப் பாருங்கள். செத்தவர் தலை ஒரு அடி இருந்தால், அஞ்சலி செலுத்தும் வட்டச் செயலாளர் தலை ஒன்றரை அடி. அவருக்கு மேலே மாவட்டம், அதற்கும் மேலே தலைவர்கள். ஓரத்துக் கோட்டின் நிறம் கட்சியைச் சொல்லும். உச்சியில் இருக்கிற பழைய தலைவரின் சிறு படம் சாதியைச் சொல்லும். இழவு சொல்வதிலிருந்து சாதியை வெளியேற்றிய அதே அச்சு, அதை வண்ணப் படமாகத் திரும்பக் கொண்டுவந்து சந்து முனையில் கட்டிவிட்டது. தெரு யார் கையில் என்று காட்டுகிற எல்லைப் பலகையாகவும் சில பேனர்கள் நிற்கின்றன. பிணம் அதற்கு ஒரு சாக்கு.

2017 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், உயிரோடு இருப்பவர்களின் படங்களைப் பேனர், கட் அவுட்டுகளில் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. அன்று நான் நினைத்துக்கொண்டேன்: இது மட்டும் நடந்தால் கண்ணீர் அஞ்சலிப் பேனரில் செத்தவர் மட்டும்தான் மிஞ்சுவார், முதல்முறையாக அவருக்கு இடம் கிடைக்கும். தெருவில் அது நடக்கவில்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959 முதலே சட்டம் இருக்கிறது, அதுவும் சுவருக்குத் தெரியாது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் கல்யாணப் பேனர் ஒன்று சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயது மென்பொறியாளர் செத்த பிறகு சில மாதம் ஊர் சுத்தமாக இருந்தது. அவருக்கு அஞ்சலி செலுத்தப் பேனர் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை என்பது அந்தச் சில மாதங்களின் ஒரே நாகரிகம்.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். ‘மாமன்ற உறுப்பினர் இன்னாரின் தாயார்’ என்று முழங்கை நீள எழுத்தில் இருக்கும். தாயாரின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், மகன் பெயருக்குக் கீழே, பாதி அளவில். திருமுல்லைவாயலில் ஒரு சுவரொட்டியில் அந்த அம்மாவின் பெயர் கடைசி வரை இல்லவே இல்லை. மகனின் மூன்று பட்டப் பெயர்கள் இருந்தன.

இறந்தவர் இளைஞன் என்றால் வேறு கோப்பு. பைக், இறக்கை, கீழே இருபது நண்பர்களின் கடுகளவு முகங்கள், ‘மச்சான், உன்னை மறக்க மாட்டோம்’. பைக் விபத்தா, தண்டவாளத்தைக் கடக்கும்போதா, வேறு எதுவுமா என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆனாலும் இந்த வகைதான் எனக்குக் கொஞ்சம் நேர்மையாகப் படுகிறது. அங்கே வேலை, பட்டம், பதவி எதுவும் சேர்வதற்குள் ஆள் போய்விட்டான். சொல்ல நட்பு மட்டும்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட்டார்கள்.

வேறு இடங்களில் எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் மாதிரி நடுமேற்கு மாநிலங்களில் கவுண்டி என்பது நிர்வாகத்தில் நம் மாவட்டத்துக்குச் சமம், ஆனால் பலவற்றில் நம் ஒரு வட்டத்தளவுகூட ஜனம் இருக்காது. அங்கே உள்ளூர் வாரப்பத்திரிகை, செத்தவர் எங்கே பிறந்தார், யாரைக் கட்டினார், எந்தப் பண்ணை, எந்தத் தேவாலயம், மீன் பிடிப்பாரா, எத்தனை பேரப்பிள்ளைகள் என்று எழுதிவிடும். வம்ச வரலாறு தேடுகிற ஆர்வலர்கள் நூறு வருஷத்துக்கு முந்தைய இரங்கல்களைக்கூட கவுண்டி வாரியாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். பொறாமையாக இருக்கிறது. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. குடும்பம் எழுதித் தருவதால் எல்லாரும் உத்தமர்கள். யாரும் விவாகரத்து செய்ததில்லை, யாரும் குடித்ததில்லை. 1851 முதல் இரங்கல் எழுதிவரும் நியூயார்க் டைம்ஸே, தாங்கள் எழுதியது பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்களைப் பற்றித்தான் என்று ஒப்புக்கொண்டு, விட்டுப்போன பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் 2018இல் ஒரு தொடர் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழர் மரண அறிவித்தலை வானொலியில் கேட்டவர்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, யார் மகள், யார் மனைவி, யார் சகோதரி என்று ஒருவரையும் விடாமல் போகும். கேட்க நீளம். ஆனால் செத்தவர்தான் அந்த வாக்கியத்தின் எழுவாய், மற்ற எல்லாரும் அவரை ஒட்டி நிற்பவர்கள். நம் பேனரில் அது தலைகீழ். யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலருக்குக் ‘கல்வெட்டு’ என்றே பெயர். வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், சில சமயம் வம்சாவளி எல்லாம் இருக்கும். ‘நூலகம்’ என்ற நிறுவனம் இத்தகைய நினைவு வெளியீடுகளை மின்னாக்கம் செய்து சேர்த்துவைக்கிறது. போரில் ஊர்களே காலியானபோது, யார் எங்கே இருந்தார்கள் என்பதற்கு இந்த மெல்லிய புத்தகங்கள் சாட்சியாகிவிட்டன. அவற்றிலும் புகழ்ச்சி வழியும், சாதிப் பெருமை எட்டிப் பார்க்கும். இருந்தாலும் ஒரு ஆள் உள்ளே இருக்கிறார்.

நம்மிடம் ஆளைச் சொல்கிற வழக்கமே இல்லையா? இருக்கிறது, காகிதத்தில் இல்லை. ஒப்பாரி வைக்கிற கிழவிக்குச் செத்தவளின் கதை முழுக்கத் தெரியும். மாமியார் படுத்திய பாடு, விற்ற வளையல், வேலைக்கு அனுப்பிய பிள்ளை எல்லாம் வரும். ராத்திரி மரண கானா பாடுகிறவர் வீட்டுக்காரர்களிடம் பத்து நிமிஷம் பேசி, ஆள் எப்படி, எங்கே டீ குடிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று கேட்டு அதைப் பாட்டில் இறக்கிவிடுவார். படத்திறப்பில் சங்கத்துத் தோழர் எழுந்து பழைய வேலைநிறுத்தத்தைச் சொல்லுவார். இவை மூன்றிலும் இருப்பது வாழ்க்கை. மூன்றும் மறுநாள் காற்றோடு போய்விடும். நிற்கிறது எது என்றால் இரங்கல்-14. நாம் வாழ்க்கையைக் காற்றிலும் தேதியைக் காகிதத்திலும் வைத்திருக்கிறோம்.

அரசாங்கக் காகிதமும் அப்படித்தான். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். படிவத்தில் புள்ளிவிவரத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. தொழில் என்ன என்று அங்கே கேட்கிறார்கள். புகைபிடித்தாரா, பாக்கு போட்டாரா, குடித்தாரா, எத்தனை வருஷமாக என்றும் கேட்கிறார்கள். கையில் கிடைக்கிற சான்றிதழில் அது ஒன்றும் இருக்காது. அரசுக்கு அது கணக்கு, நமக்குத் தேவை பெயரும் தேதியும், வங்கியில் காட்ட.

ஆளைப் பற்றி ஒரு வரி ஏன் போடுவதில்லை என்று கேட்டால், ‘இடமில்லை சார்’ என்பதுதான் எல்லாருடைய பதிலும். எனக்கு எடுத்தனூர் நடுகல் ஞாபகம் வரும். திருவண்ணாமலை மாவட்டம், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கல்லில் வெட்டுவதால் ஒவ்வொரு எழுத்துக்கும் கை வலிக்கும். அந்தச் சில வரிக்குள் கருந்தேவக்கத்தி என்று பெயர் இருக்கிறது, எருமை மந்தையைக் காக்கப் போய் விழுந்தான் என்று இருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் இருக்கிறது, கோவிவன் என்ற பெயரோடு. நாய்க்கு இடம் இருந்திருக்கிறது.

அதை அந்த ஃப்ளெக்ஸ் கடைப் பையனிடம் சொல்லவில்லை. “கீழே போட்டோ யாரும் வேண்டாம்பா, அந்த இடத்துல ஒரு வரி போடு” என்றேன். பெரியவரின் மகளுக்குப் போன் போட்டேன். அவர் அழுகைக்கு நடுவே, “அப்பா டன்லப்புல டயர் பில்டிங் அண்ணா, 28 வருஷம். அது போதும்” என்றார். பையன் தட்டச்சு செய்தான். ‘அம்பத்தூர் டன்லப்பில் 28 ஆண்டுகள் டயர் கட்டியவர்’. திரையைத் தள்ளிநின்று பார்த்தான். “எங்க தாத்தாகூட அங்கதான் சார்” என்றான். பிறகு, “கவுன்சிலர் கோச்சுக்கப் போறாரு” என்றான்.

கவுன்சிலர் கோபித்துக்கொள்ளவில்லை. தனியாக ஒரு பேனர் வைத்துவிட்டார். அதில் பெரியவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

மூன்று வாரம் கழித்து ரயில் நிலையச் சுவர் பக்கம் போனேன். எங்கள் சுவரொட்டியின் மேல் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார்கள். அது கொஞ்சம் குட்டை, மழைக்கு அடிப்பக்கம் சுருண்டு மேலே ஏறியிருந்தது. பைக்கில் சாய்ந்து நிற்கிற, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையனின் படம். படத்துக்குக் கீழே எங்கள் வரி மட்டும் வெளியே தெரிந்தது: அம்பத்தூர் டன்லப்பில் 28 ஆண்டுகள் டயர் கட்டியவர்.