தோழி கண்ட குறிகள்

தலைவியின் களவொழுக்கத்தைத் தோழி எவ்வாறு உணர்கின்றாள் என்பதற்குத் தொல்காப்பியர் களவியலில் ஏழு வழிகளை வகுத்துள்ளார். மணம், தோற்றம், நடத்தை, உணவு, செய்ததை மறைத்தல், தனித்துச் செல்லுதல், ஓரிடத்தே நெடிது பயிலுதல் என்பன அவை. இவற்றைக் காதலின் குறிகளாகவே நாம் பெரிதும் கற்பித்து வருகின்றோம். மணந்த மனையில் துன்புறுத்தப்படும் பெண்ணின் நிலையை அறிதற்கும் இக்கண்ணே வேண்டும் என்பதும், கற்புப் பாடல்களைப் படிக்குங்கால் அக்கண்ணை நாமே மூடிக்கொள்கின்றோம் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் நோக்கத்தக்கது தோழியின் முறை. அவள் தலைவியை நேரே வினவி ஒப்புதல் பெற முற்படுவதில்லை. ஒரு குறி கண்ட அளவிலே துணிவதும் இல்லை. பல குறிகளை ஒருங்கு வைத்து, குறிப்புமொழியால் ஆராய்ந்து, தலைவி தானே வாய் திறக்கும் காலத்தை எதிர்நோக்குகின்றாள். வாய் திறவாமையையே துன்பமின்மை எனக் கொள்ளும் பிழை அவளிடம் இல்லை.

இனிக் குறுந்தொகையின் 9ஆம் பாட்டினைக் காண்போம். கயமனார் பாடியது, நெய்தல். தலைவனின் கொடுமையைத் தலைவி நாணத்தால் தோழியர் முன்னும் மறைக்கின்றாள். அவள் உடலோ, சூடப்படாது செப்பினுள் தனித்துக் கிடந்த பூப்போல் வாடியுள்ளது. உடல் மெலிவு, தனிமை, மறைத்தல் என மூன்று குறிகள் ஒரு சிறு பாட்டில் அமைந்துள்ளன. செப்பு மூடியது, அழகியது, பூவைக் காப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதனுள்ளேயே பூ வாடுகின்றது. இவ்வுவமையின் கூர்மை வகுப்பறைகளில் போதிய அளவு உணர்த்தப்படுவதில்லை. தலைவியின் மறைத்தலைக் கற்பின் மாண்பு எனப் பாராட்டிவிட்டு மேற்செல்வதே வழக்கமாயிற்று. தோழி பாராட்டவில்லை; கொடுமை என்று பெயரிட்டுரைக்கின்றாள்.

அச்சொல் அங்கே பரத்தையிற் பிரிவைக் குறித்தது, அடித்தலைக் குறித்ததன்று. இன்றைய பொருளைப் பழம்பாட்டில் ஏற்றுதல் ஆய்வு நெறியன்று. ஆயினும் அடியின்றியும் கொடுமை உண்டு என அப்பாட்டு ஏற்கின்றது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் உடற்றுன்பத்தோடு நில்லாது, பாலியல் துன்பம், சொல்லாலும் மனத்தாலும் வரும் துன்பம், பொருள் மறுப்பு ஆகியவற்றையும் வன்முறையென வகுத்தது. தாய்வீட்டுப் போக்குவரவு சிறிது சிறிதாக அற்றுப்போதல், பழகிய தோழியரை விலக்குதல், ஒவ்வொரு செலவுக்கும் கணக்குக் காட்ட அஞ்சுதல், கணவன் முகம் நோக்கிய பின்னரே விடை கூறுதல், கன்றிய கைக்குப் படியில் வழுக்கிய கதை சொல்லுதல் — இவை தொல்காப்பியர் பட்டியலின் பின் மூன்று குறிகளும் நடத்தையும் தலைகீழாகத் திரும்பிய வடிவங்களே எனலாம். களவில் தலைவி தானே விரும்பித் தனித்துச் சென்றாள். ஈண்டுத் தனிமை அவள்மேல் சுமத்தப்படுகின்றது. (மணம் என்னும் குறி மட்டும் இப்பொருளுக்கு அத்துணைப் பயன்படாது.)

தோழி என்னும் பாத்திரம் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்குத் திண்டுக்கல் சமவெளி சான்று தருகின்றது. நூற்பாலைகளும் ஆடை ஆலைகளும் மிகுந்த இம்மாவட்டத்தில், 2021 சனவரியில் ஆடை ஆலைத் தொழிலாளியான இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பல மாதங்களாக அவர் தொல்லைக்கு ஆளாகி வந்தார் என்று குடும்பத்தாரும் உடன் உழைத்தோரும் கூறினர். குறிகளைக் கண்டோர் இருந்தனர். கண்டதைச் சொல்ல வாயில் இல்லை. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் முதலியோர் செய்துகொண்ட ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ அவ்வாயிலை அமைக்க முற்பட்டது. உடன் உழைக்கும் பெண்களையே பயிற்றி, தொல்லையைக் கண்டறிந்து தெரிவிக்கும் பொறுப்பினை அவர்களிடம் ஒப்படைத்தது. தெரிவித்தோர் பழிவாங்கப்படாமைக்கும் வழி செய்தது. ஆலை வேறு, மனை வேறு என்பது மெய்யே. அண்மையில் இருந்து நாள்தோறும் காண்பவளே முதலில் அறிவாள் என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

மனையிலோ சிக்கல் பெரிது. கயமனார் பாட்டின் துறை, தோழி வாயில் நேர்ந்தது என்பதாகும். கொடுமையைக் கண்டாள், கூறினாள், பின் கதவைத் திறந்துவிட்டாள். இன்றைய உறவினரும் அண்டை வீட்டாரும் “சரிக்கட்டிப் போ” என்னுமிடத்து இத்துறையையே நடிக்கின்றனர். ஆயின் மரபில் வாயில் மறுத்தல் என்னும் துறையும் உண்டு. அதில் தோழி தலைவனைக் கடையிலேயே நிறுத்தி விடை கேட்கின்றாள். நேர்தற் பாடல்களையும் மறுத்தற் பாடல்களையும் அருகருகே வைத்து, எக்குறி கண்டபோது தோழி மறுத்தாள், எதனால் நேர்ந்தாள் எனத் தொகைநூல்தோறும் ஆராய்தல் வேண்டும்.